கொயிலுக்கு நேர்வழிக் கரண்ட்

பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் உதைத்தும் ஸ்டார்ட் பிடிக்கவில்லை என்றால் உடனே கொயிலை, அதாவது பிளக்கில் தீப்பொறி வரவைக்கிற சுருளை, மாற்றுகிறார்கள். அதற்கு முன் சாவியைப் போட்டு, பொயின்ற் (கொயிலின் கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற தொடுமுனை) மூடியிருக்கும்போது பற்றரி பிளஸ்ஸுக்கும் கொயில் பிளஸ்ஸுக்கும் நடுவே மீற்றரை வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் வயரிலோ சுவிட்சிலோதான். உப்புவெளிக் கடற்காற்றில் நிற்கிற சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம், சாவி சுவிட்சுக்குள் பச்சை பூத்துக் கிடக்கும். வோல்ட் 10 வீதம் குறைந்தாலே தீப்பொறியின் சக்தி ஏறக்குறைய 19 வீதம் போய்விடும்.

இதைத் தீர்க்க ஒரு 12 வோல்ட் ரிலே, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச், போதும். கொயிலுக்குப் போன பழைய வயர் ரிலேயில் 86 என்று இலக்கமிட்ட முனையில், எர்த் 85இல், பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு, 87இலிருந்து கொயிலுக்குப் புது தடித்த வயர். சாவி பழையபடியே வேலை செய்யும். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவைக்காதீர்கள், பொயின்ற் மூடி நின்றால் கொயில் சூடாகிக் கருகிவிடலாம்.