குடும்பத் தலைவர் என்ற கட்டம்

2016ல் நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு அந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

வேலூரைச் சுற்றியுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் (அப்போது அகதிகள் முகாம் என்றுதான் சொல்வோம், மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது 2021ல்) ஊருக்குத் திரும்ப நினைக்கிற குடும்பங்களுக்குப் பேப்பர் வேலை செய்து கொடுப்பது என் பொறுப்பு. அதற்கு முன்னால் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். படிவம் நிரப்பத் தெரியும், பேங்க் மேனேஜரிடம் பேசத் தெரியும், அந்தத் தகுதியில்தான் என்னை எடுத்தார்கள். இலங்கை எனக்கு டிவியில் பார்த்த நாடு, அவ்வளவுதான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் கண்டியின் கடைசி ராஜாவுடையது, அவர் 1832ல் நம் வேலூரிலேயே இறந்தவர் என்பதைக்கூட முகாமில் இருந்த ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவர். 2006ல் மறுபடி சண்டை வலுத்தபோது ஒன்பது வயது மகனோடு, வயிற்றில் ஒரு பிள்ளையோடு படகில் வந்தவர். மகள் பிறந்தது நம் அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில். காணியை, அதாவது நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊரில் தங்கிய கணவரைப் பற்றி, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கான விவரத்தாளை நான்தான் நிரப்பினேன். 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் வந்ததும் அக்காவைக் கேட்கவே இல்லை, பத்தொன்பது வயது மகனின் பெயரை எழுதினேன். கை தானாகப் போனது. அப்பா இல்லாத வீட்டில் அடுத்தது மகன்தானே என்று எனக்குள் எங்கேயோ எழுதி வைத்திருந்திருக்கிறது.

அக்கா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "தங்கச்சி, பெடியன்ர பேர் ஏன் மேல கிடக்கு?" என்றார். நான் ஏதோ சமாளித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "முகாம் பட்டியலில பத்து வருசமா நான்தானே தலைவர். திரும்பிப் போகேக்க மட்டும் இவனோ?"

அது உண்மை. அன்றைய உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 750, சிறுவர்களுக்கு 400. அந்த உதவித்தொகைக்குப் பத்து வருடமாக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவர் அவர். அரசாங்கப் பதிவேட்டில் தலைவராக இருந்தவரை ஒரு பேனாவால் கீழே இறக்கியது நான், பெண்களோடு வேலை செய்கிறவள் என்று சொல்லிக்கொள்ளும் நான். அந்தத் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். அன்றிலிருந்து அந்தக் கட்டம் வந்தால் நான் எழுதுவதில்லை, பேனாவை அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு கட்டத்துக்கு இவ்வளவா என்று எங்கள் ஆபீஸிலேயே கேட்டார்கள். எனக்கும் அதன் முழு கனம் அப்போது தெரியாது, காணி விஷயத்துக்குள் இறங்கியபோதுதான் புரிந்தது. கிளிநொச்சி இருக்கும் வன்னிப் பகுதியில் நிறைய குடும்பங்களிடம் இருப்பது 'உறுதி' எனப்படும் சொந்த நிலப் பத்திரம் அல்ல, பெர்மிட், அதாவது அரசு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்யத் தரும் அனுமதிப்பத்திரம். இதற்கான சட்டம் 1935ல் வந்தது. பெர்மிட்காரர் இறந்தால் மனைவி அந்த நிலத்தில் வாழ்நாள் முழுக்க இருக்கலாம், ஆனால் மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். வாரிசு யார் என்று எழுதி வைக்காமல் போயிருந்தால் மகன்கள்தான் முதலில், மகள்கள் அப்புறம். இந்த ஆண் முன்னுரிமையைத் திருத்தியது 2022ல்! போர் முடிந்து மக்கள் வீடு கட்டி, கிணறு இறைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இத்தனையும் நடந்த பதின்மூன்று வருடமும் பழைய வரிசைதான். அக்காவின் காணியும் கணவர் பெயரில் இருந்த பெர்மிட்தான். அவர் இறந்தார் என்ற தாள் இல்லாமல் அடுத்த தாள் நகராது. 'செத்ததெண்டு நான் எழுதித் தரமாட்டன்' என்பதில் அக்கா கடைசிவரை உறுதியாக இருந்தார், தாலியையும் கழற்றவில்லை. காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என்றே சான்றிதழ் தரலாம் என்று 2016ல் சட்டம் வந்தபோது, அதைத் தமிழில் படித்துக் காட்டியதும் அவர் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தார். சான்றிதழ் மட்டும் போதாது, கணவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்றும் உடனே சொன்னார்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் கதை இன்னொரு மாதிரி. சீதனக் காணி, உறுதி அவர் பெயரிலேயே இருக்கிறது, சரி, பிரச்சனை இல்லை என்று நான் நினைத்தேன். பிரச்சனை இருந்தது. டச்சுக்காரர் காலத்தில் எழுதித் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் 1911ல் வந்த யாழ்ப்பாணத்துக்கான திருமணச் சொத்துச் சட்டமும் சேர்ந்து, மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கின்றன. கணவர் காணாமல் போயிருந்தால்? கோர்ட்டுக்குப் போக வேண்டும். போரில் கணவர் காணாமல் போன பெண், அவர் கையெழுத்து இல்லாததால் தன் நிலத்தை வைத்து ஒரு கிணறு வெட்டக்கூடக் கடன் வாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வேறு நாட்டுச் சட்டம் என்று தள்ளிவைக்கவும் முடியவில்லை. தமிழ்நாட்டில் அப்போது மணமாகாமல் இருந்த மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989லேயே சட்டம் வந்தது, மற்ற மகள்களுக்கும் 2005ல் வந்தது. அதற்குப் பிறகுதான் என் அம்மா குடியாத்தத்தில் பத்திர ஆபீஸில் போய், ஒரு பட்டுப்புடவைக்கும் அண்ணன்களின் நல்ல வார்த்தைக்கும் தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே சட்டம் தடுக்கிறது, இங்கே சட்டம் கொடுத்ததை வீடு வாங்கிக்கொள்கிறது. இதை முகாமில் சொன்னபோது அக்காமார்கள் என் அம்மாவுக்காக வருத்தப்பட்டார்கள்.

எங்கள் வேலைக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானத்தைப் பற்றிப் பேசினார்கள். 2000 அக்டோபரில் நிறைவேறியது, அமைதிப் பேச்சிலும் நாட்டை மீளக் கட்டுவதிலும் பெண்களுக்கு முழுப் பங்கு வேண்டும் என்பது. நல்ல தீர்மானம், நான் நம்புகிறேன். ஆனால் பெண்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதே பங்கேற்பு என்று எழுதிக்கொள்கிற பழக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், எங்கள் அறிக்கைகள் உட்பட. இலங்கையில் உள்ளாட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற ஒதுக்கீடு 2018 பிப்ரவரித் தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நம் ஊரில் 1996லிருந்து மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, இப்போது பாதி, ஆனாலும் தலைவரம்மாவுக்குப் போன் போட்டால் வீட்டுக்காரர் எடுக்கிற பஞ்சாயத்துகளை எனக்குத் தெரியும். ஒதுக்கீடு வேண்டாம் என்று இதைச் சொல்லவில்லை. உள்ளே போன பெண்ணுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பெண்கள் நிற்க வேண்டியிருக்கிறது.

கிளிநொச்சி அக்கா 2017ல் திரும்பினார். வேலூரில் பிறந்த மகளை இலங்கைப் பிரஜையாகப் பதிய, சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்கு நாங்கள் நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. காணாமல் போன தகப்பனின் தாள்களைத் தேடுவதிலேயே மாதங்கள் போயின. அக்கா ஊருக்குப் போனபோது கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் பிப்ரவரி 20லிருந்து சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் கணவர் படத்தோடு போய் உட்கார்ந்தார். வீடு கட்ட வேண்டும், மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், இதற்கு நடுவில் ஏன் என்று நான் போனில் கேட்டேன். "வீட்டைக் கட்டிப்போட்டு இதைக் கேக்காம விட்டா அது என்ன வீடு" என்றார்.

முகாமில் எங்கள் மகளிர் குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதியவர் அவர்தான். போன வருடம் ஒரு நாள் இரவு கூப்பிட்டார். கிராமத்து மாதர் சங்கத்தில் அவரைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்களாம். பொதுக் கிணற்றுக்கு வந்த பணத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்று கூட்டத்தில் கேட்டதற்கு, கணக்கு ஆம்பிளையளிட்ட இருக்கு என்று பதில் வந்ததாம். "எங்கட வேலூர்ப் புத்தகத்தில கணக்குக் கேக்கிற தீர்மானம் எப்பிடி எழுதினனாங்கள், ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பு தங்கச்சி" என்றார். பழைய புத்தகம் பீரோவில்தான் இருந்தது. அவர் கையெழுத்திலேயே இருந்த பக்கம். லைட்டைப் போட்டு, நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்பினேன்.