லாவோச் சரிவில் கவ்வாத்துக்குக் கிடைத்த முடி

சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து வெவே நோக்கிச் செல்லும் ரயில் லூட்ரியைத் தாண்டியதும், வலப்புறம் ஜெனீவா ஏரியும் இடப்புறம் படிப்படியாக மேலேறும் திராட்சைத் தோட்டங்களும் ஒருசேரத் தெரிந்தபோது, எனக்குக் காசல்ரீ நீர்த்தேக்கமும் அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளுமே நினைவுக்கு வந்தன. நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். கொழும்புக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டபோதிலும், சரிவான நிலத்தில் வரிசையாக நிற்கும் செடிகளைக் கண்டால், அவற்றைக் கவ்வாத்து வெட்டியவர், அதாவது கிளை நறுக்கிச் சீராக்கியவர், யார் என்ற கேள்விதான் எனக்குள் முதலில் எழுகிறது. லொசானில் வாழும் தங்கையைப் பார்க்கப் போயிருந்த கடந்த மே மாதத்தில், அந்தக் கேள்விக்கு நான் எதிர்பாராத ஒரு விடை கிடைத்தது.

லாவோ என்று அழைக்கப்படும் இந்தச் சரிவு, லொசானின் புறநகரிலிருந்து ஷியோன் கோட்டைப் பக்கம் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீள்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டேர்சியன் துறவிகள் இங்கே காடு வெட்டிக் கல்சுவர் எழுப்பி, நிற்க மறுத்த மண்ணை நிற்கவைத்தார்கள். 2007இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. இங்குள்ள கொடிகளுக்கு மூன்று சூரியன்கள் உண்டு என்று ஊரார் சொல்கிறார்கள்: வானத்துச் சூரியன் ஒன்று, ஏரி நீரில் பட்டுத் திரும்பும் ஒளி இன்னொன்று, பகலெல்லாம் கல்சுவர் உள்வாங்கி இரவில் விட்டுக்கொடுக்கும் வெப்பம் மூன்றாவது. மாலை ஏழு மணிக்கு ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அடுப்பை அணைத்த வீட்டுச் சுவர் போல அது கதகதவென்றிருந்தது.

எப்பெஸ் கிராமத்தில் ஏறி இறங்கி நடந்தோம். சந்துகள் மிகக் குறுகலானவை; வீட்டுக்குக் கீழேயே மது முதிரும் நிலவறை இருக்கிறது. இத்தகைய ஊர்களில் விவசாயிகள் எல்லோருக்கும் பொதுவாக, வைன் சுவைத்துப் பார்க்க ஒரு சிறு கூடம் வைத்திருக்கிறார்கள், அதனை வார இறுதிகளில் முறைவைத்துத் திறக்கிறார்கள். நாங்கள் போன அன்று முறை வந்திருந்த முதியவர், ஷஸ்லா என்னும் வெள்ளைத் திராட்சையின் வைனை ஒரு டெசிலீற்றர் மட்டும் பிடிக்கும் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தந்தார். தம்முடைய போத்தலை முதலில் திறப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ அடுத்த வீட்டுக்காரருடையதை எடுத்து, இந்த ஆண்டு இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று தங்கையிடம் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு வைன் பழக்கமில்லை. மெல்லிய, இனிப்பற்ற அந்தச் சுவையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் அயலவரின் உழைப்பைத் தம் மேசையில் முன்னால் வைத்த அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். சுவிஸ் வைனில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் நாட்டைவிட்டு வெளியே போகிறது. மற்றதெல்லாம் செய்தவர்களுக்கு அருகிலேயே குடித்துத் தீர்கிறது. ஏலத்துக்காக வாரந்தோறும் கொழும்புக்கு வந்து கப்பலேறும் தேயிலையோடு வளர்ந்த எனக்கு அது புதுமையாக இருந்தது.

இன்று அறுவடைப் பெட்டிகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்தேறும் சிறு வண்டிகள் சுமக்கின்றன. முன்பெல்லாம் மழை அடித்துச் சென்ற மண்ணைக்கூட மனிதர்களே முதுகுக் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று முதியவர் சொன்னபோது, கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தித் தடம் பதித்த என் அம்மாவின் தலையை நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது வெவே நகரத்தைப் பற்றி. அங்கே பல நூற்றாண்டுகளாக ஒரு திராட்சைத் தோட்டச் சங்கம் இருக்கிறது. அதன் வல்லுநர்கள் ஆண்டுக்கு மூன்று முறை தோட்டங்களுக்குப் போய், நிலத்தின் சொந்தக்காரரை அல்ல, அதில் கூலிக்கு ஒப்பந்தம் செய்து உழைப்பவரின் வேலையை மதிப்பிடுகிறார்கள்: கவ்வாத்து எப்படி, களை எப்படி, சுவர் எப்படி என்று. மிகச் சிறந்தவர்களுக்கு முடி சூட்டுவதற்காகவே 1797இல் ஒரு விழா தொடங்கியது. தலைமுறைக்கு ஒரு முறை, அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக வரும் அந்த விழா, 2019இல் பன்னிரண்டாவது தடவையாக, ஏரிக்கரைச் சந்தைத் திடலில் ஏறக்குறைய 20,000 பேர் அமரும் அரங்கு எழுப்பி நடந்தது. 2016இல் யுனெஸ்கோ இதனையும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அத்தனை ஆயிரம் பேர் முன்னிலையில், கத்தரிக்கோல் பிடித்து விரல் காய்த்த ஒருவர் முடியோடு நிற்கிறார்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தோட்டத்துச் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் அவர் ஓர் இலக்கம். எத்தனை செடி வெட்டினார் என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார். எப்படி வெட்டினார் என்பதை எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே இருக்கவில்லை. மலையகத்துக்கு நாம் வந்து 200 ஆண்டுகள் என்று 2023இல் நினைவுகூர்ந்தபோதும், உரிமையைப் பற்றியும் காணியைப் பற்றியும் சரியாகவே பேசினோம். கைத்திறனைப் பற்றி இன்னும் பேசவில்லை என்பது என் வருத்தம்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பிய இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முடியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொடியை ஒவ்வொரு குளிர்காலமும் வெட்டுவார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வருசா வருசமா? செடி தாங்குமா?"

தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். இரு விரலால் அதைப் பெரிதாக்கி, அடித்தண்டில் வெட்டு வாய் பிளக்காமல் இருக்கிறதா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.