ஆய்வு நிதிக்கு எழுதுகிறீர்களா? முதலில் நோயாளிகளை எண்ணுங்கள்

போன வாரம் முடிவு வந்தது. எங்கள் மருத்துவச் சோதனைக்கு (கிளினிக்கல் ட்ரையல்) நிதி கிடைத்துவிட்டது. அந்த நிம்மதி இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எதிக்ஸ் கமிட்டி, பிகோ (யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு என்று கேள்வியை அமைக்கும் முறை), படிவங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

பெரும்பாலோர் புரொபோசலைப் பின்னணிப் பகுதியில் தொடங்குகிறார்கள். நான் நோயாளிகளின் எண்ணிக்கையில் தொடங்கச் சொல்வேன்.

ஒரு கணக்கு பாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்று 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வழக்கமான 5 சதவீத ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீத பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்தால், ஒப்பிடும் இரண்டு பிரிவுகளில் ஒரு பிரிவுக்குச் சுமார் 290 பேர் வேண்டும். 20க்குப் பதில் 25 வரைதான் குறையும் என்றால் சுமார் 1,250 பேர். அதனால்தான் ‘20 எங்கிருந்து வந்தது?’ என்று புரொபோசலை மதிப்பிடும் ரிவ்யூவர் கேட்கிறார். வசதிக்காகப் போட்ட எண் என்று தோன்றினால் மீதிப் பக்கங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

பாதியில் விலகுபவர்கள் 10 சதவீதம் என்றால் 290ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும், 323 வரும். வெறுமனே 10 சதவீதம் கூட்டி 319 என்று போடாதீர்கள்.

சரி, இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 646 பேர். இரண்டு வருடத்தில் முடிக்க மாதம் 27 பேர். வருவார்களா? ‘எங்களிடம் நிறைய நோயாளிகள் வருகிறார்கள்’ என்ற வரியை யாரும் நம்புவதில்லை. சோதனை தொடங்கியதும் தகுதியானவர்கள் திடீரெனக் குறைந்துபோவார்கள் என்பதற்கு லசாக்னா விதி என்று பெயரே உண்டு.

நான் முந்தைய வருடப் பதிவேட்டை எடுத்து, விலக்கு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பொருந்தாத பெயர்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கூடாது என்ற ஒரு வரியே பக்கம் பக்கமாகப் பெயர்களைத் தின்றது. மருந்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை, அதனால் அந்த நிபந்தனையைத் தளர்த்தினோம். எந்த நிபந்தனையில் எத்தனை பேர் போனார்கள், மிச்சம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சம்மதிக்கக்கூடும் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டேன். ரிவ்யூவர்கள் பெயர் சொல்லிப் பாராட்டியது அந்த அட்டவணையைத்தான். அருமையான யோசனைகள் இது இல்லாமலே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

மற்றவை சுருக்கமாக:

- புள்ளியியலாளரை எழுதுவதற்கு முன்பே பாருங்கள். கடைசி வாரத்தில் போனால் அவரால் எண்ணை மட்டும்தான் தர முடியும், வடிவமைப்பைத் திருத்த நேரம் இருக்காது.
- முதன்மை விளைவு (சிகிச்சை பலித்ததா என்று முடிவு செய்ய அளக்கும் முக்கிய விஷயம்) ஒன்றே ஒன்று. எந்த நாளில், யார், எப்படி அளப்பார் என்பதோடு.
- முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவதும் விழுந்துவிடும்படி அமைக்காதீர்கள்.
- 2013இல் வந்து 2025இல் புதுப்பிக்கப்பட்ட ஸ்பிரிட் பட்டியலை (சோதனைத் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல்) எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
- பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் செய்முறைப் பகுதியில் ஒரு வேலை இருக்க வேண்டும். ஆய்வு செவிலியரின் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். பின்தொடர்தல் முழுக்க அவர் கையில்தான்.
- குழுவாக உட்கார்ந்து எழுதுவது எனக்கு ஒத்துவராது. முதல் வரைவைத் தனியாக முடித்துவிட்டு, அப்புறம் நோக்கங்கள் பக்கத்தை மட்டும் வேறு துறைக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு உங்கள் கேள்வியை அவர் வாயால் சொல்லட்டும். தடுமாறினால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.