டாபிக் கிடைத்தது வார்டு வராந்தாவில்

எம்.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டில் டெசர்டேஷன் (ஆய்வேடு) டாபிக் சொல்லச் சொன்ன அன்று, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே டாபிக்கோடு வந்திருந்தோம்: கல்லூரி மாணவர்களிடம் சமூக ஊடகப் பயன்பாடும் தன்மதிப்பும். தன்மதிப்பை அளக்கும் ரோசன்பெர்க் அளவுகோலில் 10 கேள்விதான். கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டே நாளில் டேட்டா கையில். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "மாணவர்களைப் பற்றித் தெரிஞ்சுக்க ஆசையா, மாணவர்கள் சுலபமா கிடைக்கிறாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. உளவியல் முழுக்கவே மேற்கு நாட்டுக் கல்லூரி மாணவர்களை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறது என்று ஹென்ரிக்கும் சகாக்களும் 2010-இல் எழுதிய கட்டுரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அரசு மருத்துவமனையில் பதினோரு நாள். பெரியம்மா வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, காலையில் பிளாஸ்க்கோடு டீ வாங்கப் போவார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிலிருந்து பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வரை எல்லோரும் "அவருக்கு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். பெரியம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் கைடிடம் இதைச் சொன்னேன். "இதுதான் டாபிக், ஆனா இன்னும் கேள்வி ஆகல" என்றார்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறோம். "பராமரிப்பாளர்களின் மனநலம்" என்பது ஆர்வம், ஆய்வுக் கேள்வி அல்ல. யார், எதை அளக்கப்போகிறோம், எதோடு சேர்த்துப் பார்க்கப்போகிறோம் என்ற மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். எனக்கு அந்த வரி வர மூன்று வாரம் ஆனது: பக்கவாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மனைவிகளுக்குக் குடும்பத்தாரின், நண்பர்களின் ஆதரவு கூடக்கூடச் சுமை குறைகிறதா? சுமைக்கு 22 கேள்விகள் கொண்ட ஜாரிட் அளவுகோல். ஆதரவுக்கு 1988-இல் ஜிமெட்டும் உடன் இருந்தவர்களும் உருவாக்கிய 12 கேள்வி அளவுகோல். அந்த மூன்று வாரமும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளமான ஷோத்கங்காவில் பழைய ஆய்வேடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவற்றில் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தன் ஆய்வில் விட்டுப்போனதை ஒவ்வொருவரும் அங்கேதான் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

சேம்பிள் எத்தனை என்பதற்கு "சீனியர் 100 எடுத்தார்" என்பது பதில் ஆகாது. எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் ஜிபவர் இலவச மென்பொருள்தான். இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே உள்ள 0.3 அளவுத் தொடர்பை (கோரிலேஷன்), 5 சதவீதப் பிழை வரம்பில், 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 85 பேர் தேவை என்று காட்டும். நான் 90 பேரை எடுத்தேன். மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வைக்காதது என் தப்பு. இரண்டாம் முறை ஏன் திரும்பியது என்று இன்றுவரை புரியவில்லை. அதில் ஆறு வாரம் போனது. உங்கள் அட்டவணையில் இரண்டு மாதம் ஒதுக்கிவிடுங்கள். அளவுகோலுக்கு உரிமையாளரிடம் அனுமதி கேட்கும் மெயிலையும் அப்போதே அனுப்பிவிடலாம். நெட்டில் பி.டி.எஃப். கிடைக்கிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

உண்மையான பாடம் மொழிபெயர்ப்பில் இருந்தது. பிரிஸ்லின் 1970-இல் விளக்கிய முறைப்படி ஒருவர் தமிழுக்குக் கொண்டுவந்தார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். இரண்டும் அழகாகப் பொருந்தின. அப்புறம் முன்சோதனைக்குப் பத்துப் பேரிடம் போனேன். முதல் அம்மா, படிவத்தின் தலைப்பில் "சுமை" என்று இருப்பதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என் வீட்டுக்காரர் எனக்குச் சுமைன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?" அன்றே தலைப்பை எடுத்தேன். "எப்போதாவது", "சில நேரம்" இரண்டுக்கும் பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைடின் சம்மதத்தோடு, தண்ணீர் ஏறிக்கொண்டே போகும் ஐந்து டம்ளர்களை ஓர் அட்டையில் வரைந்து, அதைக் காட்டிக் கேட்டேன்.

ஆதரவு அளவுகோலில் நான்கு கேள்விகள் "எனக்கென்று இருக்கும் ஒரு நெருங்கிய நபர்" பற்றியவை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்த கேள்விகள். ஓர் அக்கா என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படி இருந்தவர்தானே தம்பி இங்க படுத்திருக்கார்?"

அந்த நான்கு கேள்விகளை நீக்கவும் மனமில்லை, கூட்டுத்தொகையில் சேர்க்கவும் மனமில்லை. தனியாக மதிப்பெண் போட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எழுதி வைத்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் என் கோரிலேஷன் அட்டவணையைச் சும்மா புரட்டிவிட்டு நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். இருபது நிமிட வைவாவில் பாதி அதைப் பற்றித்தான் பேசினோம்.