கிளீவ்லாந்து 1948: ஒரு பேஸ்பால் பருவத்தின் நாட்குறிப்பு

ஜூலை 7

கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணியின் 1948ஆம் ஆண்டுப் பருவத்தை, ஒவ்வோர் ஆட்டமும் நடந்த அதே தேதியில் அதன் ஸ்கோர் விவரத்தைப் படித்துப் பின்தொடர்ந்து வருகிறேன். சாட்செல் பெய்ஜ் அந்த அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது இந்தத் தேதியில்தான். அன்று அவருக்கு 42 வயது நிறைந்தது. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட லீக்குகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்து வீசி, வெள்ளையர் அணிகளுடன் நடந்த காட்சிப் போட்டிகளிலும் பலமுறை தம் திறமையை நிரூபித்துவிட்ட ஒருவருக்கு, ஓய்வு பெற வேண்டிய வயதில் அறிமுக வீரர் என்ற பட்டம் கிடைத்தது. அணியின் உரிமையாளர் பில் வெக் விளம்பரப் பிரியர் என்பதால், இதுவும் கூட்டம் சேர்க்கும் தந்திரமே என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. தந்திரமாகவே இருக்கட்டும், அந்தப் பந்தை அடிக்க மட்டையாளர்கள் திணறினார்களே, அதற்கு என்ன சொல்வது?

ஆகஸ்டு 8

நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். லூ புட்ரோ அணியின் மேலாளர். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே காக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடுபவரும் அவரே. காயத்தால் முதல் ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர், மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள் நின்ற நேரத்தில் மாற்று மட்டையாளராகத் தம்மையே களமிறக்கி, இரண்டு ஓட்டங்களை எடுத்துக்கொடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கிளீவ்லாந்து 8-6 என்று வென்றது. முந்தைய ஆண்டின் இறுதியில் இவரைத்தான் வேறு அணிக்கு மாற்றிவிட வெக் திட்டமிட்டு, ரசிகர்கள் கொதித்தெழுந்ததும் கைவிட்டார்.

ஆகஸ்டு 20

ஈரி ஏரிக்கரையில் இருந்த கிளீவ்லாந்து மைதானத்தில் இரவு ஆட்டம், பார்க்க வந்தவர்கள் 78,382 பேர். பெய்ஜ் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸ்களிலும் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 1-0 என்று முடித்தார். தந்திரம் என்று எழுதியவர்கள் மறுநாள் காலை என்ன எழுதினார்கள் என்று தேடிப் படிப்பதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி உண்டு.

செப்டம்பர் 22

ஒன்பது நாட்களுக்கு முன், மட்டையுடன் நின்ற கிளீவ்லாந்து பந்து வீச்சாளர் டான் பிளாக் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சரிந்தார். உயிர் பிழைத்தாலும் அவர் மீண்டும் பந்து வீசவேயில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸுடனான இந்த இரவின் ஆட்ட வருவாயில் அணியின் பங்கை வெக் அவருக்கு அளித்தார். பாப் ஃபெல்லர் வீசிக் கிளீவ்லாந்து வென்றது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட உடனேயே கடற்படையில் சேர்ந்து, இளமையின் ஏறக்குறைய நான்கு பருவங்களைப் போருக்குக் கொடுத்தவர் ஃபெல்லர். வெக்கும் போர்க்காயத்தால் ஒரு காலின் பகுதியை இழந்தவர். போரும் நிறவெறியும் தின்றதுபோக எஞ்சிய ஆண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தவர்களின் அணியாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

அக்டோபர் 4

நேற்று வென்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். டெட்ராய்ட்டிடம் ஃபெல்லர் தோற்க, கிளீவ்லாந்தும் ரெட் சாக்ஸும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாக நின்றன. இரு அணிகளும் ஆடிய அமெரிக்கன் லீக்கின் வரலாற்றில் முதன்முறையாக ஒரே ஆட்டத்தில் பட்டத்தைத் தீர்மானிக்க வேண்டிய நிலை. நாணயம் சுண்டியதில் ஆட்டம் பாஸ்டனின் ஃபென்வே பார்க்குக்குப் போனது.

அந்த மைதானத்தின் இடப்பக்கச் சுவர் உயரமானது, ஆனால் மிக அருகில் இருப்பது. வலக்கை மட்டையாளர்களுக்கு அது வரம் என்பதால், அங்கே இடக்கைப் பந்து வீச்சாளரை இறக்குவது ஆபத்து என்பது பொதுவான கணிப்பு. புட்ரோ தேர்ந்தெடுத்ததோ ஜீன் பியர்டன் என்ற இடக்கையரை. அதுவும் ஒரே ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு! அதே சுவரை மனத்தில் வைத்து, வலக்கை மட்டையாளரான ஆலி கிளார்க்கை, அவர் பழகாத முதல் தளத்தில் நிறுத்தினார். பியர்டனின் நக்கிள் பந்து சுழலாமல் வந்து கடைசி நொடியில் கீழே இறங்கும்; உயரத் தூக்கி அடிக்க முடியாத பந்துக்குச் சுவர் அருகில் இருந்தென்ன, தொலைவில் இருந்தென்ன? பாஸ்டன் மேலாளர் ஜோ மெக்கார்த்தி 36 வயது டென்னி கேல்ஹவுஸை இறக்கியது ஏன் என்று அந்த ஊரில் நெடுங்காலம் புலம்பினார்கள். புட்ரோ மட்டை பிடித்துக் கணக்கில் சேர்ந்த நான்கு வாய்ப்புகளிலும் அடித்துத் தளம் சேர்ந்தார், அவற்றில் இரண்டு பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிய ஹோம் ரன். நான்காம் இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் கென் கெல்ட்னர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன் பறந்தது அந்த இடப்பக்கச் சுவருக்கு மேலேதான். முடிவு 8-3.

பியர்டனின் போர்க்காயங்களைப் பற்றி அன்றைய செய்தித்தாள்கள் எழுதியவற்றை நான் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அந்தப் பருவத்தில் 20 வெற்றிகள், விட்டுக்கொடுத்த ஓட்டங்களில் லீக்கிலேயே மிகக் குறைந்த சராசரி, இவை போதும்.

அக்டோபர் 6

அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டின் பட்டம் வென்ற அணிகள் மோதும் உலகத் தொடர், எதிரணி பாஸ்டன் பிரேவ்ஸ். மட்டையாளர் தளம் சேரும்படியான அடிகளில் இரண்டை மட்டுமே ஃபெல்லர் விட்டுக்கொடுத்தும் 0-1 என்று தோற்றார். எட்டாம் இன்னிங்ஸில் இரண்டாம் தளத்தைவிட்டு நகர்ந்திருந்த பிரேவ்ஸ் வீரர் ஃபில் மாசியை ஃபெல்லரும் புட்ரோவும் சேர்ந்து மடக்கினார்கள். நடுவர் அவுட் தரவில்லை. அந்த மாசியே பின்னர் ஓட்டம் எடுத்தார். படத்தைப் பார்த்தால் எனக்கு அவுட்டாகவே தெரிகிறது.

அக்டோபர் 9

கிளீவ்லாந்தின் லாரி டோபி மூன்றாம் இன்னிங்ஸில் பிரேவ்ஸ் பந்து வீச்சாளர் ஜானி செயினின் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். உலகத் தொடரில் ஒரு கறுப்பின வீரர் அடித்த முதல் ஹோம் ரன் அது; 2-1 என்று முடிந்த ஆட்டத்தில் வெற்றியைத் தந்ததும் அதுதான். ஆட்டம் முடிந்தபின் எடுத்த படத்தில், முழு ஆட்டமும் வீசிய ஸ்டீவ் குரோமெக்கும் டோபியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கட்டியணைத்து, பல் தெரியச் சிரிக்கிறார்கள். பயிற்சிக்காலத்தில் அணி தங்கிய ஓட்டலில் அறை மறுக்கப்பட்டவர் டோபி. அந்தப் படம் நாடெங்கும் அச்சானது.

அக்டோபர் 11

நேற்று 86,288 பேர் முன்னிலையில் ஃபெல்லர் மறுபடியும் தோற்றார். இன்று எட்டாம் இன்னிங்ஸில் தளங்கள் நிரம்பியிருந்தபோது பியர்டனை அழைத்தார்கள். தட்டுத் தடுமாறி ஆட்டத்தை 4-3 என்று வென்றதும் தொடர் கைக்கு வந்தது. அதன்பின் பியர்டன் எந்தப் பருவத்திலும் எட்டு வெற்றிகளைத் தாண்டவில்லை. 1949 செப்டம்பரில், பட்டம் கைநழுவியது உறுதியானதும், வெக் 1948 வெற்றிக்கொடியைப் பெட்டியில் வைத்து, இறுதி ஊர்வலம் நடத்தி, மைதானத்திலேயே புதைத்தார். கூட்டம் அதற்கும் வந்தது.