பத்தொன்பதில் பதினாறு: கிளெமென்டே அட்டைகளைத் தேடி

நேற்று மாலை தபால் பெட்டியில் 1966 வந்து கிடந்தது. டாப்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் 300-ஆம் எண். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ரைட் ஃபீல்டர் (வலப்பக்க எல்லையோரத்தில் நின்று பந்து தடுப்பவர்) ரொபெர்டோ கிளெமென்டேயின் அட்டை. ஒரு மூலை மழுங்கியிருக்கிறது. நடுவில் முடி அளவுக்கு ஒரு மடிப்பு ஓடுகிறது. நான் தேடியதே அப்படிப்பட்ட அட்டையைத்தான். இதோடு என் கணக்கு பத்தொன்பதில் பதினாறு. இரண்டரை ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதால், இதுவரை நடந்ததை எழுதி வைக்கத் தோன்றியது.

பத்தொன்பது என்பது 1955 முதல் 1973 வரை டாப்ஸ் ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்ட கிளெமென்டேயின் முதன்மை அட்டைகள். ‘ஆட்டத்தில்’ என்ற வரிசையில் வந்தவை, பலர் சேர்ந்து நிற்கும் அட்டைகள் எல்லாம் தனி. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லை போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கினால் வீடு நிறையும், மனம் நிறையாது.

தொடக்கம் 2023 கோடையில். ஆண்ட்ரூ மெக்கட்சன் பைரேட்ஸுக்குத் திரும்பி வந்த ஆண்டு அது. அவரைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டதால் பைரேட்ஸின் பிஎன்சி பார்க் மைதானத்துக்குப் போயிருந்தோம். வலப்பக்க எல்லைச் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு உயரம் என்று அவள் கேட்டாள். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்: “இருபத்தோரு அடி, அம்மா. கிளெமென்டேயின் சட்டை எண் 21.” பிறகு இரண்டு இன்னிங்ஸ் நேரம் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களுக்குக் கிளெமென்டேயின் கதையைச் சொன்னார். 1972 டிசம்பர் 23-ஆம் தேதி நிகராகுவாவின் மனாகுவா நகரில் நிலநடுக்கம். அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, கிளெமென்டே தானே விமானத்தில் ஏறினார். டிசம்பர் 31 இரவு போர்ட்டோ ரிக்கோ கரைக்கு அப்பால் அந்த விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. சொல்லி முடித்தபோது முதியவரின் கண் கலங்கியிருந்தது. ஐம்பது ஆண்டு கழிந்தும் ஒருவருக்காக ஓர் ஊர் கலங்குகிறது என்றால் அவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் உள்ள ஓர் அட்டைக் கடைக்குப் போனேன். சிறு வயதில் தீப்பெட்டிப் படங்களும் பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் படங்களும் சேர்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எதையும் சேர்த்ததில்லை. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து 1973-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். “பின்பக்கம் பாருங்கள்” என்றார்.

பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எண்கள். ஆண்டுக்கு ஒரு வரியாகப் பதினெட்டு ஆண்டுகள். 1955-இல் தொடங்குகிறது. கடைசி வரி 1972: 118 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தது 118 முறை. அதற்கும் கீழே மொத்தக் கணக்கு. பந்தைச் சந்தித்தது 9,454 முறை, ஹிட் 3,000. அந்த மூவாயிரமாவது ஹிட்டை அவர் 1972 செப்டம்பர் 30 அன்று த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில் அடித்தார். முறையான பருவ ஆட்டங்களில் அதுதான் கடைசி ஹிட். 1973-இல் வந்த எல்லா வீரர்களின் அட்டையிலும் கடைசி வரி 1972-தான். ஆனால் மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டு அட்டையில் இன்னொரு வரி சேர்ந்தது. எண்ணிப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபத்திரண்டு டாலர் கொடுத்து வாங்கி வந்தேன்.

ஒற்றை அட்டையோடு நின்றிருக்கலாம். நிற்கவிடாமல் செய்தது இரண்டாவதாக வாங்கிய 1969. முன்பக்கத்தில் ‘பாப் கிளெமென்டே’ என்று அச்சாகியிருந்தது. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால், 1955-லும் 1956-லும் ரொபெர்டோ என்று போட்ட டாப்ஸ், போர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த அவரை 1957 முதல் 1969 வரை பதின்மூன்று ஆண்டுகள் ஆங்கிலப் பாணியில் பாப் ஆக்கியிருக்கிறது. 1970-இல் எந்த விளக்கமும் இல்லாமல் மறுபடியும் ரொபெர்டோ. அட்டை மட்டுமல்ல, செய்தியாளர்கள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்புக் குறையோடு அப்படியே அச்சடித்தார்கள். தன் பெயர் ரொபெர்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான் அவர் நான்கு முறை நேஷனல் லீக்கில் (மேஜர் லீக் பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்று) பேட்டிங் சராசரியில் முதலிடம் பெற்றார், 1966-இல் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதும் பெற்றார்.

இது என்னை ஏன் இவ்வளவு தொட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஊரில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. அது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியபோது அது என் ‘குடும்பப் பெயர்’ ஆயிற்று. நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் அதைத்தான் கூப்பிடும் பெயராக எடுத்துக்கொண்டு, பாதியாக வெட்டி வைத்துக்கொண்டார்கள். இரண்டு முறை திருத்திச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன். அப்பா இறந்து நான் ஊருக்குப் போய்த் திரும்பிய அந்த வாரத்திலும், கூட்டங்களில் வெட்டப்பட்ட அவர் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கிளெமென்டே விட்டுவிடவில்லை. அதனால்தான் பத்தொன்பதும் வேண்டும் என்று முடிவு செய்தேன், பாப் என்று போட்ட பதின்மூன்றும் உட்பட.

மாதம் ஐம்பது டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது வீட்டில் பேசி வைத்துக்கொண்ட வரம்பு. ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. அவற்றில் எட்டு, ஒன்பது வாங்கிய அட்டைகளை நினைத்துப் பார்ப்பதே என் வசதிக்கு மீறியது. எனக்கு அதில் ஆசையும் இல்லை. மூலை கூர்மையாக இருக்கும் அட்டை யாரோ பெட்டியில் பூட்டி வைத்த அட்டை. மடிப்பு விழுந்தது ஒரு பையனின் சட்டைப் பையில் இருந்தது. என் 1962-இல் மேல்பக்கம் ஓர் ஊசித் துளை இருக்கிறது; யாரோ சுவரில் குத்தி வைத்திருக்கிறார்கள். 1968-இன் பின்பக்கம் பழுப்புக் கறை. அந்த நாளில் அட்டையோடு ஒரே உறையில் சூயிங்கம் வைத்து விற்றார்கள். அது ஒட்டிய தடம். அதைத் துடைக்க எத்தனையோ வழி சொல்கிறார்கள். நான் தொடவில்லை.

அடி வாங்கியதும் உண்டு. தொடங்கிய மூன்றாம் மாதமே இணையத்தில் ஒருவரிடம் 1957 அட்டை வாங்கினேன். விலை சற்று மலிவு. நான்கு ஓரமும் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தன. மகிழ்ச்சியோடு ஆல்பத்தில் வைத்தேன். ஓராண்டு கழித்து 1958-ஐப் பக்கத்தில் செருகும்போதுதான் 1957 மட்டும் உறைக்குள் ஆடுவதைக் கவனித்தேன். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்ற அளவுக்கு டாப்ஸ் மாறியதே அந்த 1957-இல்தான். என்னுடையதில் உயரம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறைவு. பழைய கணக்கில் ஒரு வீசம். மழுங்கிய மூலைகளைக் கூர்மையாக்குவதற்காக யாரோ கத்தியால் சீவியிருக்கிறார்கள். அறுபது ஆண்டு கையில் புழங்கிய அட்டையில் ஓரம் மட்டும் புதிதாக இருந்தால் அதுவே சாட்சி. வாங்கும்போது அதைப் பார்க்கும் கண் எனக்கு இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்றார் விற்றவர். அந்த அட்டையைத் தனி உறையில் போட்டு, மேலே ‘சீவியது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது எந்த அட்டை வந்தாலும் முதலில் அளவுகோல், பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. பழைய அச்சில் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், கறுப்பு எழுத்து மட்டும் புள்ளியில்லாமல் அடர்த்தியாக இருக்கும். எழுத்தும் புள்ளியாகச் சிதறியிருந்தால், அட்டையைப் படமெடுத்து அச்சடித்த போலியாக இருக்கலாம், அதை வாங்குவதில்லை.

அளவு பற்றிச் சொன்னதால் இன்னொன்று. 1956 வரையிலான அட்டைகள் பெரியவை: குறுக்கே இரண்டரையே அரைக்கால் அங்குலம், நீளம் மூன்றே முக்கால். ஒன்பது அறை கொண்ட வழக்கமான ஆல்பத் தாளில் அவற்றைத் திணித்தால் மூலை போய்விடும். எட்டு அறைத் தாள் தனியாகக் கிடைக்கிறது. தாளில் பிவிசி என்ற பிளாஸ்டிக் இல்லை என்று பார்த்து வாங்க வேண்டும். அது நாளடைவில் கசிந்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு அடித்தளம் கோடையில் ஈரம் கட்டும் என்பதால் ஆல்பம் மாடி அலமாரிக்குப் போய்விட்டது.

தொகுப்பில் பார்க்க அழகானது 1971-தான். ஓரம் முழுவதும் கறுப்பு. தொட்டால் உதிரும் கறுப்பு. விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை தெரியும். அந்த ஆண்டு பைரேட்ஸ் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது, கிளெமென்டே அத்தொடரின் சிறந்த வீரர். அதற்கு முன் செப்டம்பர் 1 அன்று இன்னொன்று நடந்தது. மேலாளர் டேனி மர்ட்டா அன்று களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். மேஜர் லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. பிலடெல்பியாவை 10–7 என்று வென்றார்கள். ஸ்டென்னட், கிளைன்ஸ், கிளெமென்டே, ஸ்டார்ஜெல், சங்கியென், கேஷ், ஆலிவர், எர்னாண்டஸ், எல்லிஸ். இந்த வரிசையை மனப்பாடம் செய்த பிறகு அந்த ஒன்பது பேரையும் ஒரே தாளில் வைக்க ஆசை வந்தது. ஒன்பது அறைத் தாள், ஒன்பது பேர்! ஸ்டென்னட்டுக்கு மட்டும் 1971 அட்டை கிடையாது. அவர் மேஜர் லீக்குக்கு வந்ததே அந்த ஆண்டு ஜூலையில்தான். அவருக்கு 1972-ஐ வைத்தேன். தாளில் கிளெமென்டேயின் அறையில் இருக்கும் 1971 அட்டையே பத்தொன்பதுக்கும் சேர்கிறது. இரண்டாவது பிரதி வாங்கவில்லை.

மகளின் சேகரிப்பு வேறு. அவளுக்குப் பைரேட்ஸின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ். 2024-இல் அவர் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் அணிந்த சட்டையில் இருந்த துணிச் சின்னத்தை வைத்து உலகிலேயே ஒற்றைப் பிரதியாக ஓர் அட்டை வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் பிரித்த உறையில் அது இருந்தது. அட்டையைக் கொடுத்தால் முப்பது ஆண்டுகளுக்குப் பருவ டிக்கெட் தருகிறோம் என்று பைரேட்ஸ் சொன்னது. அந்தக் குடும்பம் ஏலத்தில் விட்டது. 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நானாக இருந்தால் டிக்கெட்டைத்தான் வாங்கியிருப்பேன் என்றேன். மகள் ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, தானும் அப்படித்தான் என்றாள்.

இனி மூன்று மிச்சம். 1957 மறுபடியும் வாங்க வேண்டும்; அது எட்டாத விலையில்லை. 1963 கடினம். அதன் எண் 540. அந்நாளில் டாப்ஸ் எல்லா அட்டைகளையும் ஒரே சமயத்தில் வெளியிடாமல் வசந்த காலம் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்டது. கோடை முடியும் சமயத்தில் பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள், கடைக்காரர்களும் கடைசிப் பகுதியை அதிகம் எடுக்கமாட்டார்கள். 540 அந்தக் கடைசிப் பகுதியில் வந்தது. போதாக்குறைக்கு 537-ஆம் எண்ணில் பீட் ரோஸின் முதல் அட்டை இருப்பதால் அந்தப் பகுதி முழுவதற்கும் கிராக்கி. 1955 பற்றி இப்போதைக்குப் பேசவில்லை. அது அவருடைய முதல் அட்டை, எண் 164. நசுங்கிக் கிழிந்த பிரதியைக்கூட ஆயிரம் டாலருக்குக் கீழே நான் பார்த்ததில்லை. அதற்காக மாதம் இருபது டாலர் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

போன மாதம் மகள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, “அப்பா, அவர் முழுப்பெயர் என்ன?” என்று கேட்டாள். ரொபெர்டோ கிளெமென்டே வாக்கர் என்றேன். கிளெமென்டே அப்பா வழிப் பெயர், வாக்கர் அம்மா வழிப் பெயர். ஸ்பானிய வழக்கப்படி அம்மாவினது கடைசியில் வரும். பேஸ்பால் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள அவர் பட்டயத்தில் இதை முன்பின்னாக மாற்றிப் பொறித்துவிட்டார்கள், 2000-ஆம் ஆண்டில்தான் புதிதாக வார்த்துச் சரிசெய்தார்கள் என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தில் ஒவ்வொன்றிலும் ‘ரொபெர்டோ கிளெமென்டே வாக்கர்’ என்று எழுதியிருந்தாள். மொத்தம் பதின்மூன்று. ‘ற’ போட்டு அடித்துவிட்டு ‘ர’ எழுதிய பட்டை ஒன்று.

நேற்று 1966-ஐ அறைக்குள் நுழைக்கும்போது அவள் பட்டை ஏற்கெனவே உள்ளே காத்திருந்தது. அதன் மேல்முனை தெரியும்படி அட்டையை முன்னால் வைத்தேன். 1957, 1963 இரண்டு அறைகளிலும் இப்போதைக்கு அவள் எழுதிய பெயர் மட்டும் இருக்கிறது.