பின்புற வழியில் மாற்றப்பட்ட என் இடுப்பு மூட்டு

வலி முதலில் தொடை இடுக்கில்தான் வந்தது. அது முழங்கால் வரை இறங்கியதால், எட்டு மாதங்கள் முழங்காலுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியக்கூடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே, தோல் நோய்க்காக ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளால் தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு செத்துச் சரிந்திருப்பது தெரிந்தது. அப்போது எனக்கு வயது 52.

மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து மூட்டை அடைவது என்பதில்தான் குழப்பம். முன்புற வழியில் தசைகளை அறுக்காமல் அவற்றின் இடைவெளியில் புகுந்து செல்வதால் முதல் சில வாரங்களில் நடை சீக்கிரம் திரும்புகிறது. ஆனால் தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அங்கே ஓடுவதால் அந்த இடம் மரத்துப்போக வாய்ப்புண்டு. பக்கவாட்டு வழியில் இடுப்பைத் தாங்கும் தசையில் ஒரு பகுதியைப் பிரித்துத் தைக்க வேண்டியிருப்பதால் சிலருக்கு நடையில் சாய்வு தங்கிவிடுகிறது. பின்புற வழியில் அந்தத் தசைக்குச் சேதமில்லை. தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை அறுப்பதால் பந்து, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து நழுவும் ஆபத்து சற்றுக் கூடுதல். அறுத்தவற்றையும் மூட்டுறையையும் திரும்பத் தைக்கும் முறை வந்தபின் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

என் மனம் முன்புற வழியையே நாடியது. ஆனால் என் மருத்துவர், தம் கைக்கு நன்கு பழகியது பின்புற வழிதான் என்றும், ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு வழியிலும் செய்துகொண்டவர்களின் நடையில் பெரிய வேறுபாடு இருக்காது என்றும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு அறுவை நடந்தது. மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து நின்றேன். பல மாதங்களாக இருந்த அந்தக் குத்தல் வலி அப்போதே இல்லை, தையல் வலி மட்டுமே இருந்தது.

கடினமானவை அதன் பிந்தைய வாரங்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்நோக்கித் திருப்பக் கூடாது, தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்தே உறங்க வேண்டும். எங்கள் வீட்டில் குத்துக்கால் போட்டு உட்காரும் கழிப்பறை மட்டுமே இருந்தது. அறுவைக்கு முன்பே அதை மாற்றாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. நாற்காலி வடிவக் கழிப்பிடம் கிடைக்கும் வரை ஒவ்வொரு நாள் காலைப் பொழுதும் மூட்டு நழுவிவிடுமோ என்ற அச்சத்துடனேயே கழிந்தது. நான் அறிந்தவர்கள் யாரேனும் இந்த அறுவைக்குத் தேதி குறித்தால், முதலில் கழிப்பறையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அறுவை செய்த கால் நீண்டுவிட்டதுபோல் மூன்று மாதங்கள் தோன்றியது. அளந்து பார்த்ததில் இரண்டும் சமம். வலியால் முன்பு சாய்ந்தே நடந்த இடுப்பு நேராக நாளானது, அவ்வளவுதான். தரையில் சம்மணமிட்டு உட்காருவதை இன்றும் தவிர்க்கிறேன். பேருந்துப் படியில் மட்டும் பிறர் கைபிடிக்காமல் ஏறிவிடுகிறேன்.